நம் பாக்கெட்டுக்கு எட்டும் ரோமக் காசு

இந்த முறை கொஞ்சம் சில்லறை விஷயம். நிஜமாகவே சில்லறைதான். ரோமாபுரிச் சில்லறை.

தஞ்சாவூரில் படிக்கிற, வீட்டிலிருந்து வருகிற கைச்செலவுப் பணத்தில் பாதியை ஜெராக்ஸ் கடைக்கும் மீதியை டீக்கடைக்கும் கொடுக்கிற ஒரு மாணவன், ரோமானியர்களின் பழங்காசுகளைச் சேகரிக்க முடியுமா? வகுப்பில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "ரோமக் காசுன்னா தங்கம்டா, உன் மெஸ் பில்லையே உன்னால கட்ட முடியல" என்கிறார்கள். மெஸ் பில் உண்மை. ஆனால் ரோமக் காசு என்றாலே தங்கம் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி செம்பு. நம் ஊர் வரலாற்றுக்கு அந்தச் செம்பும் ஒரு முக்கியமான சாட்சி. அதை எப்படிச் சேர்ப்பது, எப்படிச் சேர்க்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தங்கக் கதை

யவனர்கள் மிளகு வாங்கப் பொன்னோடு வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே புலம்பினார். (செஸ்டர்ஸ் என்பது அவர்களுடைய சிறிய நாணய அலகு.) அவர் சொன்ன எண்ணிக்கை சரியா, மிகையா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் பணம் வந்தது நிச்சயம். கோவை அருகே வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அதே ஊரில் அதன் பிறகும் புதையல்கள் வந்தன. தமிழகத்தில் கிடைத்த ரோம வெள்ளியில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையது. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். நம் ஊர் வியாபாரிகள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? பழைய நல்ல வெள்ளியைத்தான் விரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். காசை எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்கினார்கள் என்பதற்கு இதை ஒரு சான்றாகக் காட்டுவார்கள்.

இந்தப் புதையல்கள் பெரும்பாலும் கொங்கு நாட்டைச் சேர்ந்தவை. முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பெருவழி அந்தப் பக்கம்தான் போனது. நம் டெல்டாவுக்குப் புகார் என்ற துறைமுகம் இருந்தது. கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் நூலில் வரும் 'கமரா'வும், தாலமி குறிப்பிடும் 'கபேரிஸ்' என்ற வணிகத் துறையும் காவிரிப்பூம்பட்டினம்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் பழைய புகாரில் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. மீதி வண்டலுக்கு அடியில் இருக்கிறது. வருஷா வருஷம் நாற்று நடுகிற நிலத்தைத் தோண்டிப் பார்க்க யார் விடுவார்கள்?

நமக்குப் பக்கத்தில் கிடைத்த பெரிய தங்கப் புதையல் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் கிடைத்தது. மொத்தம் 501 ரோமத் தங்கக் காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். ஜி.எஃப். ஹில் என்ற அறிஞர் 1898இல் லண்டன் நாணயவியல் இதழில் அதை விவரித்து எழுதினார். இதில் ஒரு விநோதம். பத்தில் ஒன்பது காசுகளுக்கு மேல், பேரரசரின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு! 'இது இனிமேல் காசு இல்லை, வெறும் தங்கம்' என்று நம் ஊர் அரசன் எவனோ செல்லாக்காசாக்கினான் என்பது ஒரு விளக்கம். உள்ளே செம்பு வைத்துத் தங்க முலாம் பூசியிருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தார்கள் என்பது இன்னொரு விளக்கம். எதுவானாலும், ரோமாபுரியின் சக்கரவர்த்தி இங்கே ஒரு தட்டாரின் உளிக்குத் தலை கொடுத்திருக்கிறார் :-)

இந்தத் தங்கக் காசெல்லாம் நமக்கு இல்லை. ஒரு காசின் விலையில் ஒரு பைக் வாங்கலாம். அதை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்போம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோம நாணயச் சேகரிப்பு பெயர் பெற்றது. டிக்கெட் வாங்க நம் பணமே போதும்.

இரண்டாவது அலை: செம்பு

தங்கமும் வெள்ளியும் வந்த காலத்துக்குச் சுமார் 300 ஆண்டுகள் கழித்து, கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில், இன்னொரு வகை ரோமக் காசு தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வந்தது. சுண்டு விரல் நகம் அளவுச் செப்புக்காசு. எடை 1 கிராம், கொஞ்சம் கூடினால் 2 கிராம். ஈழத்தில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கே இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலச்செய்தும் அடித்திருக்கிறார்கள். தமிழகத்தில் கரூர், மதுரை, திருக்கோவிலூர் பகுதிகளில் அதிகம் கிடைத்தன.

இதில் என்ன சுவாரஸ்யம் என்கிறீர்களா? தங்கம் வந்தால், உருக்கி நகை செய்ய வந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு கிராம் செம்பை உருக்கி என்ன செய்ய முடியும்? அதற்காகவா கப்பல் ஏற்றுவார்கள்? பல காசுகள் உருவமே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. கை மாறிக் கை மாறித் தேய்ந்தவை. அப்படியானால் யாரோ இவற்றைக் கடைத்தெருவில் சில்லறையாகவே புழங்கியிருக்க வேண்டும். தங்கக் காசு அரசனையும் பெருவணிகனையும் பற்றிப் பேசுகிறது. இந்தச் செப்புக்காசு உப்பு வாங்கினவரையும் கீரை விற்றவரையும் பற்றிப் பேசுகிறது.

கரூருக்கும் நமக்கும் உறவு உண்டு. கரூரை ஒட்டி ஓடும் அமராவதி, திருமுக்கூடலூரில் காவிரியில் கலந்துதான் நம் பக்கம் வருகிறது. அந்த அமராவதி மணலை அரித்துப் பொன் துகள் தேடுகிறவர்களின் கையில்தான் சேரர் காசும் ரோமச் செப்புக்காசும் கிடைத்தன. பல காலம் இவை பாத்திரக் கடைக்கு எடைக்குப் போயின. பழைய செம்பு, கிலோ இவ்வளவு, அவ்வளவுதான்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021இல் மறைந்தார்). யாரும் மதிக்காத செப்புக்காசுகளைத்தான் அவர் தேடித் தேடி வாங்கினார். 1980களில் அவர் கையில் கிடைத்த ஒரு செப்புக்காசில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருந்தது. வழுதி என்பது பாண்டியர் பெயர். சங்க கால மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தச் சின்னச் செம்புதான் பதில் சொன்னது. கரூர், மதுரை, திருக்கோவிலூர் பகுதிகளில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளுக்கென்றே 1994இல் ஒரு தனி நூலும் எழுதினார். பாத்திரக் கடைக்குப் போகவேண்டிய பொருள், வரலாற்றுப் பாடமாகிவிட்டது.

காசைப் படிப்பது எப்படி?

தேய்ந்த காசுதானே, என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். பூவா தலையா போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தலைப் பக்கத்தில் வலது புறம் பார்க்கும் ஒரு முகம், தலையில் முத்துப் பட்டம். சுற்றிலும் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் டி, என் என்று தொடங்கும். 'டொமினஸ் நோஸ்டர்', அதாவது 'நம் தலைவர்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவது பேரரசர் பெயர்.

எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்தாலும் பின்பக்கத்துப் படத்தை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். இந்த நாலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இரண்டு சிப்பாய்கள், நடுவில் படைக்கொடி: கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் காசு. 330களில் அதிகம் அடித்தார்கள்.

2. குதிரையிலிருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்தும் சிப்பாய்: பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் (337-361).

3. இறக்கை வைத்த வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துப் போகிறாள்: முதலாம் தியோடோசியஸ் (379-395) காலமும் அவர் பிள்ளைகள் அர்க்காடியஸ், ஹொனோரியஸ் காலமும்.

4. இலை வளையத்துக்குள் சிலுவை: 5ஆம் நூற்றாண்டு, இரண்டாம் தியோடோசியஸ் காலத்தை ஒட்டியது.

படத்துக்குக் கீழே கோடு போட்டு அதற்கும் அடியில் சில எழுத்துகள் இருந்தால் அது அக்கசாலையின் ஊர். ஏ, எல், இ என்றிருந்தால் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா. ஏ, என், டி என்றால் அந்தியோக்கியா. சி, ஓ, என், எஸ் என்றால் கான்ஸ்டான்டிநோபிள். எகிப்தில் அடித்த காசு அமராவதி மணலில்! செங்கடல் வழி வணிகம் என்று புத்தகத்தில் ஒரு வரியில் படிப்பதை, இங்கே மூன்று எழுத்தில் படிக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையப் பட்டியல் இருக்கிறது, இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தின் படங்களும் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன.

காசில்லாதவன் காசு சேர்க்க சில யோசனைகள்

*முதலில் பயிற்சி.* ரோமக் காசில் தொடங்காதீர்கள். ராஜராஜன் செப்புக்காசில் தொடங்குங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சுமாரான காசு இன்றும் சில நூறு ரூபாய்தான். இதே அமைப்பைப் பின்னாளில் ஈழ மன்னர்களும் பின்பற்றினார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் (1620-1845) அடித்த ஈயக்காசு, செப்புக்காசுகளும் நம் கடற்கரைச் சரக்குதான். தேய்ந்த காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து உருவத்தைப் பிடிக்கிற பழக்கம் இவற்றில் வந்துவிடும்.

*எடை போடுங்கள்.* நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இஞ்சினியரிங் நண்பன் இருந்தால் வெர்னியர் காலிப்பரை ஓசி வாங்கிக்கொள்ளுங்கள். எடையும் குறுக்களவும் இல்லாத காசு, ரோல் நம்பர் எழுதாத விடைத்தாள்.

*போலியைக் கவனியுங்கள்.* விளிம்பில் சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது. மேலே ஊசித்துளை மாதிரிக் குமிழ்கள் இருந்தாலும் சந்தேகம்தான். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபட்டிருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்று வருஷமும் போட்ட 'அபூர்வ' காசு எல்லாத் திருவிழாக் கடையிலும் கிடைக்கும். கம்பெனி அப்படிப் புழக்கக் காசு எதுவும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் சக்தி, லட்சக்கணக்கில் விலை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

*புளி போடாதீர்கள்!* குத்துவிளக்கு துலக்குகிற மாதிரிப் பழங்காசைப் புளி, எலுமிச்சை, வினிகர் போட்டுத் துலக்கினால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மண் இளகும்போது மூங்கில் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, 1600 வருஷம் காத்திருந்த காசுதானே. வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது செம்பைத் தின்னும் நோய். அதைத் தனியாக எடுத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் அடைமழைக் காலத்தில் இது வேகமாகப் பரவும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பங்களும் வேண்டாம். நாளடைவில் காசில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும்.

எங்கே கிடைத்தது?

இனிதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம்.

வெளிநாட்டில் இதே பிற்கால ரோமச் செப்புக்காசுகள் கழுவாமல் மொத்தமாக, ஒன்று சில டாலருக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் நிறைய பால்கன் நாடுகளின் வயல்களில் உலோகம் காட்டும் கருவி வைத்துத் தோண்டியவை. எந்த வயல், எந்தக் குழி, பக்கத்தில் என்ன இருந்தது, எதுவும் தெரியாது. காசு அதே காசுதான். ஆனால் அது எகிப்திலிருந்து கரூர் வந்ததா, பல்கேரியாவில் ஒரு படைவீரன் மடியிலிருந்து விழுந்ததா என்பதைக் காசின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமராவதியில் கிடைத்த ஒரு தேய்ந்த காசின் மதிப்பு முழுக்க 'அமராவதி' என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அந்தச் சொல் தொலைந்தால் மிஞ்சுவது ஒரு கிராம் செம்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் தரவேண்டிய தொகை, உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். இதைக் கவனியுங்கள். 1600 வருஷத்துக் காசானாலும் கணக்கு உலோகத்துக்குத்தான்! ஒரு பானைச் செப்புக்காசை எடுத்துக்கொண்டு தாலுக்கா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைகிற ஏழைக்கு என்ன கிடைக்கும்? பஸ் சார்ஜே தேறாது. அதனால் அவர் பாத்திரக் கடைக்கோ புரோக்கரிடமோ போகிறார். புரோக்கர் முதலில் மறைப்பது கிடைத்த ஊரின் பெயரை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் உள்ளூரிலேயே ஊர்ப்பெயர் தொலைந்துபோவதை அது தடுக்காது.

அப்படியானால் சேகரிப்பவன் நல்லவனா, கெட்டவனா? அகழ்வாய்வு படித்த ஒரு நண்பர், "நீங்கள் வாங்குவதால்தான் அவர்கள் தோண்டுகிறார்கள்" என்கிறார். "நாங்கள் வாங்காவிட்டால் உருகிப்போகும், பெருவழுதியே கிடைத்திருக்காது" என்கிறார்கள் சேகரிப்பவர்கள். இரண்டுமே உண்மை. அதனால் எனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தோண்டி எடுத்த புதையல் என்று தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்குவதில்லை. கண்டெடுத்தவரிடம் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதித் தரட்டுமா என்று கேட்பேன், பக்கத்தில் அருங்காட்சியகம் இருந்தால் அங்கே போகச் சொல்வேன். உரிமம் உள்ள வியாபாரியிடமிருந்தும், பழைய சேகரிப்பைப் பிரித்து விற்கிறவரிடமிருந்தும் ரசீதோடு வாங்குவேன். "எந்த ஊரில் கிடைத்தது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். பதில் தெரிந்த காசுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் தருவேன். நிறையப் பேர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், ஊர்ப்பெயரை மறைப்பது நஷ்டம் என்று விற்பவருக்கும் புரியும்.

இதற்கெல்லாம் தேவை 40 பக்க நோட்டு ஒன்று. காசுக்கு ஒரு பக்கம்: எடை, குறுக்களவு, இரண்டு பக்கத்துப் படம், யாரிடம் வாங்கியது, தேதி, விலை, கிடைத்த ஊர். ஊர் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதினால் அது போலிக்காசை விட மோசம். பத்து வருஷம் கழித்து நீங்கள் வேலைக்குப் போய், காசுகளை யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் நோட்டைச் சேர்த்துக் கொடுங்கள். பத்துத் தேய்ந்த செப்புக்காசும் ஒழுங்கான ஒரு நோட்டும் இருந்தால், ஒரு ஆய்வாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வர அதுவே போதும்.

உங்கள் வீட்டுப் பரணில், பாட்டியின் சுருக்குப் பையில், பழைய வெற்றிலைப் பெட்டியில் ஏதாவது தேய்ந்த காசு கிடந்தால், துலக்குவதற்கு முன்னால் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அப்பாயி, இது எங்கேருந்து வந்துச்சு?" அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் பக்கம் தயார்.